பழைய எண், புதிய எண்: சிம்ஸ் 2 விளையாட்டில் சேர்த்த பொருள்கள் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

சென்னையின் பழைய தெருக்களில் பல வீட்டு வாசல்களில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும்: பழைய எண் 14, புதிய எண் 31 என்று. முகவரியில் வெறுமனே 14 என்று எழுதி அனுப்பினால், கூரியர்காரர் அதே தெருவில் புதிய எண் 14 ஆகிவிட்ட வேறொரு வீட்டின் மணியை அடித்து, ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். வீடு இடிந்துவிடவில்லை, பொட்டலமும் சேதமாகவில்லை. எழுதிய முகவரியும் இருக்கிற முகவரியும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ‘தி சிம்ஸ் 2’ என்ற பழைய வாழ்க்கைப் பாவனை விளையாட்டில், வெளியிலிருந்து சேர்க்கும் பொருள்களும் அவற்றைத் திருத்தும் கருவிகளும் தரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. கோப்பு கெட்டுப்போவது குறைவு. ஒரு கோப்பு தேடுகிற இன்னொரு கோப்பு, தேடும் இடத்தில் இல்லாமல் போவதே வழக்கம்.

இதை எழுதத் தூண்டியது என் அண்ணன் மகளின் மடிக்கணினி. அவள் இந்த விளையாட்டில் தான் வளர்க்கும் சிம் (விளையாட்டின் பாத்திரங்களுக்கு அதுதான் பெயர்) குடும்பத்துக்காக ஒரு கூடம் அமைத்திருந்தாள். அதில் கிடந்த ஒற்றை நாற்காலி ஒன்று நீல நிறத்தில் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. “சித்தப்பா, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, மூணு தடவை திரும்ப டவுன்லோட் பண்ணிட்டேன், அப்பவும் இப்படியேதான் இருக்கு” என்றாள். மூன்று முறை புதிதாக இறக்கியும் ஒரே மாதிரி மின்னுகிற நாற்காலி, தன்னிடம் பழுதில்லை என்பதை மூன்று முறையும் சொல்லியிருக்கிறது. அதற்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன், ஒரு பொருள் இந்த விளையாட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேக்ஸிஸ் உருவாக்கி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட இந்த விளையாட்டு 2004 செப்டம்பரில் வந்தது. அதற்குப் பின் 8 விரிவாக்கத் தொகுப்புகளும் பல சிறு தொகுப்புகளும் வந்தன. 2014இல் எல்லாவற்றையும் சேர்த்த ‘அல்டிமேட் கலெக்‌ஷன்’ சில நாள்கள் இலவசமாகக் கிடைத்தது. சிம்ஸ் தொடரின் 25ஆம் ஆண்டையொட்டி 2025 ஜனவரி 31 அன்று ‘லெகஸி கலெக்‌ஷன்’ என்ற பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. ஆகவே விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எழுதிய கருவிகளை விண்டோஸ் 11 உள்ள கணினியில் ஓட்ட வேண்டிய நிலையில் இன்றைய புதியவர்கள் இருக்கிறார்கள். பரணிலிருந்து பழைய குறுந்தகட்டை எடுத்து, ரிச்சி தெருவில் ஒரு வெளிப்புற டிவிடி டிரைவும் வாங்கி வந்து உற்சாகமாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்தத் தகடுகளில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு முறையை விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. தகடு சுழலும், நிறுவலும் நடக்கும், விளையாட்டு மட்டும் திறக்காது. டிரைவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

ஒரு கோப்புக்குள் என்ன இருக்கிறது?

விளையாட்டுக்கு வெளியே ரசிகர்கள் செய்து பகிரும் உடை, தலைமுடி, நாற்காலி, தரை, சுவர்ப்பூச்சு எல்லாவற்றுக்கும் பொதுவாகக் ‘கஸ்டம் கன்டென்ட்’ என்று பெயர். விளையாடுகிறவர்கள் சுருக்கமாகச் ‘சிசி’ என்பார்கள். இவை ‘பேக்கேஜ்’ என்ற பின்னொட்டு கொண்ட கோப்புகளாக வரும். ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் விளையாட்டுக்கென்று இருக்கும் கோப்புறையில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற துணைக் கோப்புறையில் இவற்றைப் போட வேண்டும். அந்தத் துணைக் கோப்புறை இல்லையென்றால் நாமே உருவாக்கலாம். விளையாட்டின் அமைப்புகளில் சிசியை அனுமதிக்கும் தெரிவை இயக்கிவிட்டு, விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். இந்த மூடித் திறப்பதை மறந்துவிட்டு ஒரு மாலை முழுவதையும் வீணாக்கியவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

பேக்கேஜ் என்பது ஒரே பொருள் அன்று. பல சரக்குகளை அடுக்கி, முன்பக்கத்தில் ஒரு அட்டவணை ஒட்டிய பெட்டி. இதன் வடிவமைப்புக்கு டிபிபிஎஃப் என்று பெயர், இதே வடிவமைப்பு சிம்சிட்டி 4 விளையாட்டிலும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று எண்கள் சேர்ந்த முகவரி இருக்கிறது. முதல் எண் அது எந்த வகை என்பதைச் சொல்லும்: படமா, வடிவமா, பெயர்ச்சொற்களா என்று. இரண்டாவது எண் அது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதையும், மூன்றாவது அந்தக் குழுவுக்குள் அது எந்த உருப்படி என்பதையும் சொல்லும். ஊர், தெரு, கதவு எண் என்று நினைத்துக்கொண்டால் மனத்தில் நிற்கும். விளையாட்டு எந்தச் சரக்கையும் கோப்பின் பெயரை வைத்துத் தேடுவதில்லை, இந்த மூவெண் முகவரியையோ, சில இடங்களில் சரக்கின் உள்பெயரையோ வைத்துத்தான் தேடுகிறது. அதனால்தான் ஒரு பேக்கேஜ் கோப்புக்கு ‘பாட்டி வீட்டு ஊஞ்சல்’ என்று பெயர் மாற்றினாலும் பெரும்பாலும் அது தடையின்றி வேலை செய்கிறது.

இப்போது ஒரு நாற்காலி திரையில் தோன்றுவதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பொருளின் அடிப்படை விவரக்குறிப்பு ஒரு மாதிரியின் பெயரைச் சொல்லும். அந்த மாதிரி ஒரு வடிவ விவரத்தைக் கைகாட்டும். அந்த வடிவ விவரம் ஒருபுறம் மெஷ் எனப்படும் கம்பிக்கூடு போன்ற முப்பரிமாண உருவத்தையும், மறுபுறம் ‘மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும்’ என்ற வரையறையையும் கைகாட்டும். அந்த வரையறை கடைசியாக டெக்ஸ்சர் எனப்படும் படத்தைக் கைகாட்டும். ஐந்தாறு கைகள் மாறித்தான் ஒரு மரச்சட்டத்தின் பழுப்பு நிறம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. இந்தக் கைமாற்றம் முழுவதும் ஒரே பேக்கேஜுக்குள் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதுதான் புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம்.

நிறமாற்றம், அதாவது ‘ரீகலர்’ என்று வருகிற கோப்பில் பெரும்பாலும் படமும் அதன் வரையறையும் மட்டுமே இருக்கும், வடிவம் இருக்காது. ஒருவர் கண்டாங்கிச் சேலைக்கான நிறத்தையும் கட்டத்தையும் வரைந்து பகிர்ந்தால், அந்தச் சேலையின் மடிப்பும் முந்தானையும் உள்ள மெஷ் வேறொருவர் செய்த வேறொரு கோப்பில் இருக்கும். துணி இருக்கிறது, உடம்பு இல்லை என்ற நிலை. நிறக்கோப்பை மட்டும் போட்டுவிட்டுத் திறந்தால், சேலை அணிந்த பெண்ணுக்குப் பதிலாகத் தலை மட்டும் மிதக்கும் உருவத்தைக் காண நேரிடலாம். பயந்துவிட வேண்டாம், அது பேயுமில்லை வைரஸுமில்லை. மேசை, நாற்காலி போன்றவற்றின் நிறக்கோப்புக்கு உரிய மெஷ் இல்லாவிட்டால் அது இன்னும் அமைதியாக நடந்துகொள்ளும்: எங்கேயும் தோன்றாமலே கிடக்கும்.

நிறங்கள் சொல்லும் சேதி

கோளாறு எந்த நிறத்தில் வெளிப்படுகிறது என்பதே பாதி நோயறிதல். ஒரு பொருள் நீலமாக மின்னினால், அதன் வடிவம் கிடைத்துவிட்டது, மேற்பரப்புக்கான படமோ வரையறையோ கிடைக்கவில்லை என்று பொருள். விளையாட்டு ‘இங்கே ஒரு படம் வந்திருக்க வேண்டும்’ என்று கை உயர்த்திக் காட்டுகிறது. குறை கூறுவதற்குப் பதிலாக அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் பொருள்கள், சுவர்கள், சில நேரம் தெருவே மின்னத் தொடங்கினால் அது முற்றிலும் வேறு நோய். அதற்கும் சிசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விளையாட்டு தன்னுடன் ஒரு பட்டியலை வைத்திருக்கிறது; அதில் அந்தக் காலத்து வரைகலை அட்டைகளின் பெயர்கள் மட்டுமே உண்டு. இன்றைய அட்டையை அதற்கு அடையாளம் தெரியாததால், படங்களுக்கான நினைவகம் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது என்று தானாக முடிவுகட்டிக்கொண்டு, இடம் போதாமல் திணறுகிறது. விளையாட்டின் ‘லாக்ஸ்’ கோப்புறையில் கணினியின் பெயரோடு ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும்; அதில் டெக்ஸ்சர் நினைவகம் 32 எம்பி என்றோ அதுபோல நம்பமுடியாத அளவு குறைவாகவோ எழுதியிருந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. வரைகலை விதிக் கோப்பில் அட்டையின் உண்மையான அளவை எழுதுவதும், 32 பிட் நிரலாகிய இந்த விளையாட்டு இயல்பாகப் பயன்படுத்தும் 2 ஜிபி நினைவக வரம்பை 4 ஜிபி வரை நீட்டும் ஒட்டு (பேட்ச்) ஒன்றைச் சேர்ப்பதும் வழக்கமான மருந்துகள். இந்த நிலையில் ஆசையாகச் சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது, பல்வலிக்குக் கண் மருத்துவரிடம் போய்க் காத்திருப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

மூன்றாவது வகையில் நிறமே இல்லை: பொருள் பட்டியலிலேயே வருவதில்லை. இதற்குக் காரணங்கள் அதிகம், ஆனால் அவற்றைச் சோதிப்பது எளிது. ஜிப் அல்லது ரார் வடிவில் சுருக்கி வந்த கோப்பைப் பிரிக்காமலே போட்டிருக்கலாம். ‘சிம்ஸ்2பேக்’ என்ற பின்னொட்டு கொண்டதை டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே வைத்திருக்கலாம். அது நிறுவப்பட வேண்டிய கட்டு, நேரடியாகப் படிக்கப்படுவது அன்று. அதை ‘கிளீன் இன்ஸ்டாலர்’ போன்ற கருவியால் திறந்தால், உள்ளே ஒரு வீட்டோடு சேர்ந்து கேட்காமலே வந்திருக்கும் பொருள்களையும் பார்த்து, வேண்டாததை விலக்கிவிடலாம். இறக்கியதாக நினைத்த கோப்பு உண்மையில் ஒரு வலைப்பக்கமாகவும் இருக்கலாம். ஐயம் இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள்: புரியாத குறிகளின் குவியலாக இருந்தாலும், முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலத்தில் டி, பி, பி, எஃப் என்று இருந்தால் அது பேக்கேஜ் வடிவமைப்பைச் சேர்ந்தது. ஒரு கோணக் குறியோடு தொடங்கினால் அது வலைப்பக்கம். ஆனால் இந்தச் சோதனையிலும் ஒரு சந்து இருக்கிறது. சிம்ஸ் 3, சிம்ஸ் 4 ஆகியவற்றின் கோப்புகளுக்கும் பேக்கேஜ் என்றே பின்னொட்டு, அவையும் அதே நான்கு எழுத்துகளோடுதான் தொடங்குகின்றன; உள்ளமைப்பின் பதிப்பு மட்டும் வேறு. சிம்ஸ் 2 இன் பெட்டி 1.1 பதிப்பு, சிம்ஸ் 3 இன் பெட்டி 2.0. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றில் போட முடியாது.

ஒரே எண்ணில் இருவர்

பொருள் காணாமல் போவதற்கு இன்னொரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். விளையாட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ‘குவிட்’ எனப்படும் 32 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. குடும்ப அட்டை எண்ணைப் போல அது ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு பொருள்கள் ஒரே எண்ணோடு வந்தால் விளையாட்டு சண்டையை விலக்குவதில்லை. பின்னால் படிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டு முன்னதை மறந்துவிடுகிறது. புதிய பொருளைச் சேர்த்தவுடன், நேற்றுவரை இருந்த பழைய பொருள் மறைந்துவிட்டது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இது பெரும்பாலும் தாமே பொருள் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு நேர்கிறது. அதற்கான முதன்மைக் கருவி சிம்பிஇ. சென்னையில் இந்தப் பெயரைச் சொன்னால் எந்தக் கல்லூரிப் பட்டம் என்று கேட்பார்கள். இங்கே இது பேக்கேஜ் எடிட்டர் என்பதன் சுருக்கம். அதிலுள்ள ‘ஆப்ஜெக்ட் வொர்க்‌ஷாப்’ மூலம் விளையாட்டின் ஒரு நாற்காலியை நகலெடுத்துப் புது நாற்காலி செய்யலாம். நகலெடுக்கும்போது புதிய அடையாள எண் தர வேண்டும். எண்ணை மாற்றியபின், நிறக்குறிப்புகளும் அந்தப் புது எண்ணையே கைகாட்டும்படி அவற்றைப் புதுப்பிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்பெயர்களையும் தனித்துவமாக மாற்ற வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும், புது நாற்காலியோ அதன் நிறங்களோ பழைய நாற்காலியின் முகவரியில் குடியேறிவிடும்.

சிம்பிஇயில் ஒரு திருத்தத்தைச் செய்தபின் ‘கமிட்’ பொத்தானை அழுத்த வேண்டும், அதற்குப் பிறகு கோப்பைச் சேமிக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனிச் செயல்கள். முதலாவது திருத்தத்தைப் பெட்டிக்குள் வைக்கிறது, இரண்டாவது பெட்டியை மூடி வட்டில் எழுதுகிறது. கமிட் செய்யாமல் சேமித்தால் பழைய சரக்கோடு பெட்டி பத்திரமாக மூடப்படும். ‘எத்தனை முறை மாற்றினாலும் மாறவில்லை’ என்ற புலம்பலைக் கேட்டால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

கருவியே திறக்காதபோது

சிம்பிஇ தொடங்கும்போதே பிழைச் செய்தியோடு மூடிக்கொண்டால், அது சார்ந்திருக்கும் அடித்தளம் கணினியில் இல்லை என்று கொள்ளலாம். அது மைக்ரோசாஃப்டின் டாட் நெட் 2.0 என்ற நிரல் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இது இயல்பாக இயக்கப்பட்டிருப்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளை இயக்கும் பகுதிக்குப் போய் டாட் நெட் 3.5 ஐத் தேர்ந்தெடுத்தால் அதோடு 2.0 உம் சேர்ந்து வந்துவிடும். முப்பரிமாண முன்னோட்டத்துக்கு, விண்டோஸில் வரைகலையைக் கையாளும் டைரக்ட்எக்ஸின் 9ஆம் பதிப்புக் காலத்து நூலகங்கள் வேண்டும். ‘என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே’ என்பது நியாயமான கேள்விதான். ஆனால் புதிய பதிப்பு பழைய துணை நூலகங்களைத் தன்னோடு கொண்டுவருவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால், புதியதை அழிக்காமல் பழையவை அருகில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கருவி திறக்கிறது, ஆனால் பொருள் பட்டியல் வெறுமையாக இருக்கிறது என்றால் மீண்டும் முகவரிச் சிக்கலுக்கே வருகிறோம். அந்தக் காலத்துக் கருவிகள் விளையாட்டு எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்பதை, விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து தெரிந்துகொண்டன. பிற்காலத் தொகுப்புகள் வேறு பெயரில், வேறு இடத்தில் நிறுவப்படுவதால், கருவி பழைய எண் உள்ள வீட்டின் கதவைத் தட்டிவிட்டுச் சும்மா நிற்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் அடிப்படை விளையாட்டு, விரிவாக்கங்கள், பயனர் கோப்புறை ஆகியவற்றின் பாதைகளை நாமே கையால் எழுதிக் கொடுத்தால் பட்டியல் நிரம்பிவிடும்.

சேமித்த கோப்பு கண்ணெதிரே இருந்தும் விளையாட்டுக்குத் தெரியாமல் போவதற்கு விண்டோஸே செய்யும் இரண்டு உதவிகள் காரணமாகலாம். ஒன்று மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ்: அது டாக்குமென்ட்ஸ் கோப்புறையைத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டால், நாம் பார்க்கிற டாக்குமென்ட்ஸும் கருவி எழுதுகிற டாக்குமென்ட்ஸும் ஒரே பெயருள்ள இரண்டு இடங்களாகிவிடும். மற்றொன்று விஸ்டா காலம் முதல் இருக்கும் ஒரு ஏற்பாடு. நிரல்கள் நிறுவப்படும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் எழுத அனுமதியில்லாத பழைய நிரல் ஒன்று எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுத்து அவமானப்படுத்தாமல், ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவான இடத்தில் எழுதிவிட்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். கருவி நம்புகிறது, நாமும் நம்புகிறோம்; விளையாட்டு மட்டும் எதையும் காணவில்லை. விளையாட்டின் சொந்தப் பொருள்களுக்கு நிறமாற்றம் செய்ய உதவும் ‘கலர் எனேபிள் பேக்கேஜ்’ இதில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும், ஏனெனில் அதன் ஒரு பகுதி பயனர் கோப்புறையிலும் மற்றொரு பகுதி நிறுவல் கோப்புறையிலும் இருக்க வேண்டும். பாதி நிறுவப்பட்ட நிலையில், செய்த நிறமாற்றங்கள் எதுவும் தெரியாது. கருவியை வலது சொடுக்கி நிர்வாகி உரிமையோடு இயக்கினால் இது பெரும்பாலும் தீரும்.

உடைக்கும் முகத்துக்கும் பயன்படும் பாடி ஷாப், விளையாட்டோடு வந்த கருவி என்பதால் தொல்லை குறைவு. அது திறக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டால் டவுன்லோட்ஸ் கோப்புறை பெருத்துவிட்டது என்று பொருள், ஏனெனில் தொடங்கும்போது அங்குள்ளதையும் அது படிக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நீண்ட பெயர் வைப்பவர்கள், விண்டோஸின் பழைய நிரல்களுக்குப் பாதையின் மொத்த நீளம் 260 எழுத்து என்ற வரம்பு இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாதி பாதியாக விலக்கிப் பார்த்தல்

எந்தக் கோப்பு குற்றவாளி என்று தெரியாதபோது செய்யும் சோதனை இது. டவுன்லோட்ஸில் இருப்பதில் பாதியை மேசைத்திரைக்கு நகர்த்திவிட்டு விளையாட்டைத் திறக்க வேண்டும். கோளாறு தொடர்ந்தால் குற்றவாளி உள்ளே இருக்கும் பாதியில். நின்றுவிட்டால் வெளியே எடுத்த பாதியில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். 2,000 கோப்புகள் இருந்தாலும் 11 சுற்றுகளில் ஒன்றில் வந்து நின்றுவிடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவர் தீபாவளிக்குத் தொடங்கிப் பொங்கலுக்கு முடிப்பார்.

ஆனால் இந்த முறையை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு கோப்பும் தனித்து நிற்பது என்ற அனுமானத்தில் அது இயங்குகிறது. இந்த விளையாட்டிலோ கோப்புகள் ஒன்றையொன்று தேடுகின்றன என்பதைப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு பாதியாகப் பிரித்தால், சேலையின் நிறம் ஒருபுறமும் மெஷ் மறுபுறமும் போய், இல்லாத கோளாறுகளை நாமே உற்பத்தி செய்துவிடுவோம். அதேபோல இரண்டு கோப்புகள் மோதுவதால் வரும் கோளாறு, அந்த இரண்டையும் வெவ்வேறு பாதியில் வைத்தவுடன் மாயமாக மறைந்து, இரண்டு பாதியுமே குற்றமற்றவை என்று காட்டும். அந்த முடிவு வந்தால் சோதனை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். ‘தனி ஆள் இல்லை, ஜோடி’ என்று அது சொல்கிறது. அப்போது ஒரு பாதியை முழுவதும் உள்ளே வைத்துக்கொண்டு, மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். விளையாட்டின் நடத்தையை மாற்றும் திருத்தங்களுக்கு இடையே மோதல் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதற்கென்றே தனிக் கருவியும் உண்டு. தொடக்கத்திலேயே மெஷ்ஷையும் அதன் நிறக்கோப்புகளையும் ஒரே துணைக் கோப்புறையில் போட்டு வைத்திருந்தால், கோப்புறை கோப்புறையாகப் பிரிக்கலாம், ஜோடிகள் பிரியாது.

சோதனைக்கு நடுவே, ஆசையாக வளர்த்த ஊரைத் திறக்கக் கூடாது. பாதிப் பொருள்கள் வெளியே இருக்கும்போது ஒரு வீட்டைத் திறந்து சேமித்தால், காணாத பொருள்கள் அந்த வீட்டிலிருந்து நிரந்தரமாக நீங்கிவிடும். பிறகு கோப்பைத் திரும்ப வைத்தாலும் கூடத்தில் ஊஞ்சல் வராது, கடைக்குப் போய்த் திரும்ப வாங்க வேண்டும். சோதனைக்கென்று ஒரு வெற்று ஊரை வைத்துக்கொள்ளுங்கள். ‘நெய்பர்ஹுட்ஸ்’ கோப்புறையின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

இன்னொரு சிறு வேலை ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை விளையாட்டு ‘குரூப்ஸ்.கேஷ்’ என்ற கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது, அணிகலன்களுக்கு ‘ஆக்சஸரி.கேஷ்’ என்று ஒன்று உண்டு. கோப்புகளை நாம் இடம் மாற்றியபின்னும் அந்தக் குறிப்பில் பழைய எண்ணே இருக்கும். இவ்விரண்டையும் விளையாட்டு மூடியிருக்கும்போது அழித்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது அது தெருவை மறுபடி சுற்றிப் பார்த்துப் புதிய குறிப்பை எழுதிக்கொள்ளும். அழிப்பதால் விளையாட்டில் எதுவும் இழக்கப்படாது.

அண்ணன் மகளின் நாற்காலிக்குத் திரும்புவோம். அதன் பேக்கேஜை சிம்பிஇயில் திறந்து பார்த்தோம்: மெஷ் இருந்தது, மேற்பரப்பு வரையறை இருந்தது, படம் இல்லை. பொருள் செய்கிறவர்கள், ஒரே துணி போர்த்திய நாற்காலிக்கும் சோபாவுக்கும் படத்தை இரண்டு முறை சேமிக்காமல், சோபாவில் மட்டும் வைத்துவிட்டு நாற்காலியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது உண்டு. ஒரு சோபாவுக்கு எட்டு நிறம் செய்தால் அந்த எட்டும் நாற்காலிக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்பதால் இது சிக்கனமான நல்ல வழி. “இதோட சேர்ந்து ஒரு பெரிய சோபா வந்துச்சே, அது எங்கே?” என்று கேட்டேன். “அதுவா? செவப்பா, பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு சித்தப்பா, தூக்கிப் போட்டுட்டேன்” என்றாள். ரீசைக்கிள் பின்னிலிருந்து அதை மீட்டு டவுன்லோட்ஸில் வைத்து, குரூப்ஸ்.கேஷை அழித்துவிட்டு விளையாட்டைத் திறந்தோம். நாற்காலி மின்னுவதை நிறுத்திவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்தது, அதே அசிங்கமான சிவப்பில். எட்டு நிறங்களில் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு அரை நிமிடம் ஆயிற்று. சோபாவை இன்றுவரை அவள் எந்த வீட்டிலும் வாங்கிப் போடவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை.